ஏற்காட்டில் கற்ற நத்தைப் பாடம்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் எதற்காகப் போவார்கள்? ஏரியில் படகு விடுவதற்கு. லேடீஸ் சீட்டில் நின்று கீழே மினுக்கும் சேலம் நகரத்து விளக்குகளைப் பார்ப்பதற்கு. மே மாதத்தில் மலர்க் கண்காட்சியைக் காண்பதற்கு. நான் போனது ஒரு நத்தைக்காக!

சிரிக்காதீர்கள், சகோதரிகளே. நகக்கண் அளவே இருந்த அந்த நத்தை எங்கள் வீட்டில் செய்து விட்டுப் போன கலவரத்தைக் கேட்டால் உங்களுக்கும் சிரிப்பு வராது. வீட்டில் செடியும் வைத்துக் கொண்டு, தவழ்ந்து நடக்கும் குழந்தையும் வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

பூ வரவில்லை, நத்தை வந்தது

எங்களுக்குச் சேலம். என் சித்தி இருப்பது ஏற்காட்டில். சித்தப்பா அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். எங்கள் குட்டிக்கு முதல் பிறந்த நாள் வந்தபோது சித்தி தங்கச் சங்கிலியா கொண்டு வந்தாள்? இரண்டு ஆர்க்கிட் தொட்டிகளைக் கொண்டு வந்து வைத்தாள். ஒன்று டென்ட்ரோபியம், இன்னொன்று வாண்டா. "இது பூத்தா ஒரு மாசம் வாடாது கண்ணு. உன் மக மாதிரியே சிரிச்சுக்கிட்டு நிக்கும்" என்றாள்.

சொன்னபடியே பூத்தது. எனக்கு ஆசை அதிகமாகி விட்டது. வீதியில் செடி விற்றுக் கொண்டு வந்த வண்டியில் இன்னும் நான்கு தொட்டிகள் வாங்கினேன். ஆறு தொட்டிகளையும் பின்கட்டுத் தாழ்வாரத்தில் வரிசையாக அடுக்கினேன். வாங்கின கையோடு பழைய செடிகளுக்குப் பக்கத்திலேயே வைத்தேனே, அதுதான் நான் செய்த முதல் தவறு. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

சென்ற ஐப்பசி மழையில் டென்ட்ரோபியம் மொட்டு விட்டது. இன்று விரியும், நாளை விரியும் என்று பார்த்துக் கொண்டிருந்தால், ஒரு காலையில் மொட்டைக் காணோம். வெறும் காம்புதான் நின்றது. வாண்டாவின் வேர் நுனிகள் பச்சையாக, கிளி மூக்கு மாதிரி இருக்கும். அவற்றையும் யாரோ கடித்துத் துப்பினது போலிருந்தது. தொட்டி விளிம்பில் வெள்ளிக் கோடு போட்டாற்போல் ஏதோ காய்ந்து கிடந்தது. எலியா, வெட்டுக்கிளியா என்று பகலெல்லாம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. இரவு 10 மணிக்கு டார்ச் லைட்டை எடுத்துக் கொண்டு போய்ப் பார்த்தேன். அம்மாடி! தொட்டிக்குத் தொட்டி நத்தை. சின்னச் சின்னதாய், தட்டையாய், பழுப்பு நிறத்தில்!

மறுநாள் என் கணவர் கடையிலிருந்து ஒரு பாக்கெட் மருந்து வாங்கி வந்தார். கொத்தமல்லி விதை மாதிரி நீல நிறக் குருணைகள். "தொட்டிக்கு நாலு போட்டா போதுமாம். ரெண்டே நாள்ல சுத்தமாயிடுமாம்" என்றார். போட்டார். தரையிலும் கொஞ்சம் தூவினார். பாக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் என்னவோ அச்சடித்திருந்தது. அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

அந்த ஒரு சாயங்காலம்

அடுப்பில் ரசம் நுரை கட்டிக் கொண்டிருந்தது. குட்டியின் சத்தத்தையே காணோம். ஒன்றரை வயதுக் குழந்தை சத்தமில்லாமல் இருந்தால் ஏதோ விஷமம் என்று எந்தத் தாய்க்கும் தெரியும். ஓடிப் போய்ப் பார்த்தேன். தாழ்வாரத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மூடியிருந்தது. பிரித்தேன். உள்ளங்கையில் மூன்று நீலக் குருணைகள். உதட்டோரத்தில் ஒன்று ஒட்டிக் கொண்டிருந்தது.

எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. வாயைத் திறந்து ஈரத் துணியால் துடைத்தேன். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நல்ல வேளை, பக்கத்து வீட்டு அக்கா தடுத்தார். "ஒண்ணும் குடுக்காதே. அந்த பாக்கெட்டை எடுத்துக்கோ. கிளம்பு!" என்று எங்களை ஆட்டோவில் ஏற்றி விட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாக்கெட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். "மெட்டால்டிஹைடு. நத்தை மருந்து. இதுக்குன்னு தனியா மாற்று மருந்து கிடையாதும்மா. எச்சில் வடியுதா, வாந்தி வருதா, கை கால் நடுங்குதா, வலிப்பு வருதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார். அன்று இரவு முழுவதும் குழந்தையின் மூச்சையே பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தோம் நானும் அவரும். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. தெய்வாதீனமாகக் குழந்தை எதையும் விழுங்கியிருக்கவில்லை. விடிந்ததும் இட்லி கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் முதல் காரியமாகக் கையுறை போட்டுக் கொண்டு, தரையில் கிடந்த குருணைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மீதிப் பாக்கெட்டைக் கட்டி கடையிலேயே திருப்பிக் கொடுத்து விட்டு வந்தார். நான் சித்திக்குப் போன் செய்து அழுதேன்.

"ஆறு தொட்டியையும் தூக்கிக் குப்பையில போடப் போறேன் சித்தி."

"செடி என்ன பாவம் பண்ணுச்சு? மருந்தை வெளிய அனுப்பிட்டே இல்ல, அது போதும். புள்ளையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு நாள் மேல வந்துட்டுப் போ. நத்தை இல்லாத ஊருலயா நான் செடி வளக்கறேன்?"

கொண்டை ஊசி வளைவுகளில்

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் புறப்படும் முன்பு வயிறு நிறையப் பால் கொடுத்து விடாதீர்கள். கொஞ்சமாகக் கொடுங்கள். பஸ்ஸில் முன் பக்கமாக உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். மாற்று உடுப்பும் ஒரு பழந்துணியும் கையோடு இருக்கட்டும். எங்கள் குட்டி 12 வளைவு வரை சமர்த்தாக வந்தாள். பதின்மூன்றாவதில் என் புடவை நனைந்தது.

ஏறஏறச் சேலத்து வெக்கை கீழேயே நின்று விடுகிறது. மூங்கில் புதர்கள் முடிந்து, காபித் தோட்டங்கள் தொடங்குகின்றன. உயரமான சில்வர் ஓக் மரங்கள் நிழல் தர, அவற்றின் மேல் மிளகுக் கொடி சுற்றிக் கொண்டு ஏற, அடியில் காபிச் செடிகள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் இந்த மலைக்குக் காபியைக் கொண்டு வந்தவர் என்பார்கள். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு. சேர்வராயன் மலை மேல், கடல் மட்டத்துக்குச் சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. மலை உச்சியில் குகைக்குள் சேர்வராயரும் காவேரி அம்மனும் குடிகொண்ட கோயில். மே மாதம் திருவிழா நடக்கும்போது சுற்று வட்டார மலைக் கிராமத்து ஜனங்களெல்லாம் அங்கே கூடி விடுவார்கள்.

நாங்கள் போய் இறங்கியபோது மழை தூறிக் கொண்டிருந்தது. சித்தி வாசலிலேயே நின்றாள். குழந்தையை வாங்கி நெற்றியில் முத்தமிட்டு, உள்ளே போய்ச் சுக்குக் காபி போட்டுக் கொண்டு வந்தாள். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முதல்ல சாப்பிடு. அப்புறம் பலா மரத்தைப் பாக்கலாம்" என்றாள்.

பலா மரம் சொன்ன பாடம்

சித்தி வீட்டுக் கொல்லையில் ஒரு கிழட்டுப் பலா. அதன் தண்டில் ஆளுயரத்தில் ஆர்க்கிட்டுகள் ஒட்டிக் கொண்டிருந்தன. தொட்டியில்லை, மண்ணில்லை. வேர்கள் விரல் கனத்தில் வெளியே தொங்கின.

"பாவம், வேரெல்லாம் வெளிய தெரியுதே சித்தி?"

"அதுதான் அதுக்கு சுகம். மழை பெஞ்சா குடிக்கும், காத்தடிச்சா காயும். இங்க பாரு, வேர் மேல வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கில்ல? தண்ணி பட்டா பச்சையாயிடும், காஞ்சா மறுபடியும் வெளுத்துடும். வெளுத்த பிறகுதான் தண்ணி ஊத்தணும்."

ஆர்க்கிட் மரத்தில் ஒட்டியிருந்தாலும் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. உட்கார ஓர் இடம் மட்டுமே கேட்கிறது. மழையையும் காற்றையும் இலைச் சருகின் சத்தையும் கொண்டு தானே பிழைத்துக் கொள்கிறது. எல்லா ஆர்க்கிட்டும் மரத்தில் வளர்வதில்லை. தரையில் வளரும் வகைகளும் உண்டு. நாம் வீட்டில் தொட்டியில் வைக்கிற பெரும்பாலானவை மரத்து ஜாதிகள்.

"இந்த மரத்துக்கு நத்தை வராதா சித்தி?"

"வரும். ராத்திரி ஏறும். ஆனா விடிஞ்சதும் ஒளிய இடம் வேணுமே? இங்க வெயிலும் காத்தும் அடிக்குது, வேரு காஞ்சு போகுது. இறங்கிப் போயிடும். நீ என்ன பண்ணினே? தேங்காய் மட்டையைத் திணிச்சு, தினம் தண்ணி ஊத்தி, தொட்டியைத் தரையில வச்சு, அதுக்கு ஈர வீடு கட்டிக் குடுத்தே. நல்லா வாடகை இல்லாம குடியிருந்திருக்கும்!"

எனக்குச் சுருக்கென்றது. நான் நத்தையைக் கொல்வதைப் பற்றியே யோசித்துக் கொண்டிருந்தேன். அதற்கு வீடு கொடுத்ததே நான்தான் என்று தோன்றவில்லை. ஆர்க்கிட்டுக்கு வேண்டியது காற்று. நத்தைக்கு வேண்டியது ஈரம். இந்த ஒன்றைப் புரிந்து கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆர்க்கிட்டுகளுக்கு ஒரு வீடு

மறுநாள் காலை சித்தப்பா எங்களைத் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். பொட்டானிக்கல் சர்வே ஆப் இந்தியா என்ற மத்திய அரசு அமைப்பு 1963இல் இதை ஏற்காட்டில் அமைத்தது. காடுகளில் குறைந்து வரும் ஆர்க்கிட் வகைகளைக் கொண்டு வந்து காப்பாற்றி வளர்ப்பதுதான் இதன் நோக்கம். பூச்சிகளைத் தன் குடுவையில் விழ வைத்துச் செரித்து விடும் மேகாலயத்துக் குடுவைச் செடியும் இங்கே இருக்கிறது. குழந்தைகளுக்குக் காட்ட வேண்டிய அதிசயம். போகிறவர்கள் திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக் கொண்டு போங்கள்.

"நாம ஐஸ்கிரீம்ல போடற வெனிலா எதுல இருந்து வருது தெரியுமா?" என்று கேட்டார் சித்தப்பா. எனக்குத் தெரியவில்லை. அதுவும் ஆர்க்கிட் குடும்பத்துக் கொடியாம்! மெக்சிகோ தேசத்துக் கொடி. அதன் காயைப் பதப்படுத்தி எடுப்பதுதான் வெனிலா.

ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். அதற்குள் குஞ்சுக்கு வேண்டிய சாப்பாடு கிடையாது. ஒரு வகைப் பூஞ்சாளம் துணைக்கு வந்தால்தான் அது காட்டில் முளைக்கும். முளைத்தாலும் பூக்கப் பல வருஷம் பிடிக்கும். ஆகவே மலைக்குப் போனால் மரத்திலிருந்து செடியைப் பிய்த்துக் கொண்டு வரவே கூடாது. காட்டிலிருந்து எடுப்பது சட்டப்படியும் குற்றம். வீட்டில் அது பிழைப்பதும் அபூர்வம். வேண்டுமானால் நர்சரிகளில் வளர்த்த செடியை வாங்குங்கள்.

ராத்திரி வேட்டை

அன்று சாயங்காலம் சித்தி ஒரு வெள்ளரிக்காயை வட்ட வட்டமாக நறுக்கினாள். பச்சடிக்கு என்று நினைத்தேன். "உனக்கில்ல, விருந்தாளிக்கு!" என்று சொல்லி, தன் தொட்டிகளில் வேர்ப்பக்கம் ஒவ்வொரு வில்லையாக வைத்தாள். வெள்ளரி இல்லையென்றால் உருளைக்கிழங்கு வில்லையோ, முட்டைகோஸ் இலையோ போதுமாம். வெளிநாட்டுப் பெண்மணிகள் கிண்ணத்தில் பீர் ஊற்றி வைப்பார்களாம். புளித்த வாசனைக்கு நத்தைகள் வந்து விழுமாம். "நம்ம வீட்டுல அதை வாங்கி வச்சா நத்தைக்கு முன்னால உங்க சித்தப்பா விழுந்துடுவார்" என்றாள் சித்தி. சித்தப்பா கேட்காதது போல் பேப்பர் படித்துக் கொண்டிருந்தார்.

குழந்தை தூங்கியதும் 9 மணிக்கு டார்ச் லைட்டோடு கிளம்பினோம். கையில் பழைய பிளாஸ்டிக் பையை உறை மாதிரி மாட்டிக் கொண்டு, ஒரு இடுக்கியும் எடுத்துக் கொண்டோம். வெள்ளரி வில்லையைத் திருப்பினால் அடியில் இரண்டு, மூன்று. எடுத்து எடுத்து, சோப்புத் தண்ணீரும் நிறைய உப்பும் கரைத்த வாளியில் போட்டோம். அன்று 23 நத்தைகள். மறுநாள் இரவு 9. "முதல் வாரம் தினம் பாக்கணும். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். தேடித் தேடிப் பொறுக்கினா முட்டை வைக்க ஆள் இருக்காது" என்றாள் சித்தி.

ஒரு நத்தையிலேயே ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. அதனால் வளர்ந்த எந்த நத்தையும் முட்டையிட முடியும். ஈரமான மட்டைக்குள் ஜவ்வரிசி மாதிரி இருக்கும் முட்டைகளைப் பார்த்தால் மட்டையோடு எடுத்து அப்புறப்படுத்தி விட வேண்டும்.

உப்பை நேராகத் தொட்டியில் தூவலாமே என்று கேட்டேன். "நத்தையும் சாகும், செடியும் சாகும்" என்றாள் சித்தி. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவது பற்றியும் கேட்டேன். என் மாமியார் சொல்லிச் சில நாள் செய்து பார்த்திருந்தேன். சித்தப்பா அதற்குப் பதில் வைத்திருந்தார். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி முட்டை ஓடு, செம்புப் பட்டை, சரளை முதலிய ஐந்து வேலிகளைச் சோதித்துப் பார்த்து, எதுவுமே பெரிதாகப் பயன் தரவில்லை என்று 2018இல் சொல்லி விட்டதாம். முட்டை ஓடு உரமாக இருந்து விட்டுப் போகட்டும். காவலுக்கு நம்ப வேண்டாம்.

காபி நாட்டில் காபி வைத்தியம்

காபித் தோட்டத்திலேயே வாழ்ந்தவர் அல்லவா சித்தப்பா? காபியைப் பற்றி ஒரு சேதி சொன்னார். ஹவாய்த் தீவில் அமெரிக்க விவசாயத் துறை ஆராய்ச்சியாளர்கள் தவளைத் தொல்லைக்காகக் காபீன் கரைசலைத் தெளித்துச் சோதித்தபோது, அங்கே இருந்த ஓடில்லாத நத்தைகள் சாவதைக் கவனித்தார்களாம். பிறகு ஆர்க்கிட் தொட்டிகளில் வசிக்கும் சிறு நத்தைகளின் மேலும் சோதித்தார்கள். 100 பங்கில் 2 பங்கு காபீன் இருந்த கரைசல் அநேகமாக எல்லா நத்தைகளையும் கொன்றது. 2002இல் 'நேச்சர்' என்ற அறிவியல் ஏட்டில் இது வெளிவந்தது.

"அப்படின்னா டிகாக்‌ஷனை ஊத்திடலாமா சித்தப்பா?"

"அவசரப்படாதே. நாம குடிக்கிற காபியில அவ்வளவு காபீன் ஏது? அதுல பத்துல ஒரு பங்கு கூட இருக்கறது சந்தேகம். நத்தை சாகாது. ஆனா காபீன் கொஞ்சமா பட்டாக்கூட அது தின்ன யோசிக்குமாம். அதனால சிக்கரி கலக்காத தூள்ல, பாலும் சர்க்கரையும் போடாம, தண்ணி கலந்து ஆற வச்சு, எப்பவாவது தொட்டி ஓரமா தெளிச்சுப் பார்க்கலாம். முதல்ல ஒரு செடியில மட்டும். இலை கருகினா விட்டுடணும்."

வடிகட்டின சக்கையில் சத்தெல்லாம் இறங்கிப் போயிருக்கும். அதை ஆர்க்கிட் தொட்டியில் கொட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சாளம்தான் பிடிக்கும். சுத்தக் காபீன் பொடியை வாங்கி வீட்டில் வைக்கவே கூடாது. அதுவும் குழந்தைக்கு விஷந்தான். ஒரு விஷத்தை அனுப்பி விட்டு இன்னொன்றை வீட்டுக்குள் அழைப்பதில் என்ன புத்திசாலித்தனம்?

பெரிய நத்தை, பெரிய எச்சரிக்கை

தொட்டியில் இருந்தவை சின்ன நத்தைகள். நம் ஊர்த் தோட்டங்களில், மழைக் காலத்தில் சுவரேறும் ஒரு பெரிய நத்தையைப் பார்த்திருப்பீர்கள். கூம்பு போல நீண்ட ஓடு, பழுப்புக் கோடுகள், உள்ளங்கை நீளம். அது ஆப்பிரிக்க நத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1847இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸ் தீவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டு வந்து ஒரு தோட்டத்தில் விட்டதுதான் இந்தியாவில் அதன் ஆரம்பம். ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேல் முட்டையிடும். வெயில் காலத்தில் ஓட்டின் வாயை மூடிக் கொண்டு மாதக் கணக்கில் தூங்கும். மழை வந்ததும் எழுந்து வாழை, பப்பாளி, கீரை, பூச்செடி எதையும் விடாது.

இதில் தாய்மார்கள் தெரிந்து கொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் நத்தைகளின் உடம்பில் வளர்கின்றன. அந்த நத்தையோ, நத்தைத் துண்டு ஒட்டிய கீரையோ சமைக்கப்படாமல் நம் வயிற்றுக்குள் போனால், அந்தக் குஞ்சுகள் மூளை உறைக்குப் போய் ஒரு வகை மூளைக் காய்ச்சலை உண்டாக்கக் கூடும். கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு இதன் அறிகுறிகள். அடிக்கடி வருகிற நோயல்ல. பயந்து தூக்கம் கெட வேண்டாம். ஆனால் எதையும் எடுத்து வாயில் வைக்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால், நத்தையைத் தொட்டு விளையாட விடாதீர்கள். நத்தையை எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுக்களைக்குள் போகாதீர்கள். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினா, முட்டைகோஸ் இவற்றை இலை இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் அலசுங்கள்.

சித்தியின் யோசனைகள்

புறப்படும் நாளன்று சித்தி சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் குறித்துக் கொண்டேன். உங்களுக்கும் உதவும்.

1. புதிதாக வாங்கிய செடியை ஒரு மாதம் தனியே வையுங்கள். இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். நத்தை இல்லை என்று நிச்சயமான பிறகே மற்றச் செடிகளோடு சேருங்கள்.

2. வாங்கி வந்த அன்றே தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் விளிம்பு வரை ஒரு மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். உள்ளே இருக்கும் நத்தைகள் பல மூச்சுக்காக மேலே ஏறி வரும். பொறுக்கி விடலாம்.

3. மட்கிப் போன தேங்காய் மட்டையை எடுத்து விட்டு, கழுவிய கரித்துண்டும் உடைந்த ஓட்டுத் துண்டும் போடுங்கள். பக்கவாட்டில் ஓட்டைகள் உள்ள மண் தொட்டி நல்லது. அடி ஓட்டைக்கு நைலான் வலைத் துண்டு ஒன்று வையுங்கள்.

4. தொட்டியைத் தரையில் வைக்காதீர்கள். கம்பியில் தொங்க விடுங்கள். அல்லது ஸ்டாண்டில் வைத்து, எறும்புக்குப் பயந்து சாமான் அலமாரிக் காலுக்குக் கிண்ணம் வைப்போமே, அதே மாதிரி ஸ்டாண்டின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை கொட்டிக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் நத்தை போய் டெங்குக் கொசு வரும்!

5. தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றினால் ராத்திரி முழுவதும் ஈரம், நத்தைக்குக் கொண்டாட்டம்.

6. உதிர்ந்த இலை, உடைந்த தொட்டி, பழைய செங்கல், ஈரச் சாக்கு ஆகியவற்றைச் செடிகளின் பக்கத்தில் குவிக்காதீர்கள். பகலில் நத்தை ஒளிவது அங்கேதான்.

7. நத்தை மருந்துக் குருணை குழந்தை உள்ள வீட்டிலும் நாய் வளர்க்கும் வீட்டிலும் வேண்டவே வேண்டாம். பிரிட்டனில் மெட்டால்டிஹைடை வெளியிடங்களில் பயன்படுத்துவதையே 2022 மார்ச் முடிவோடு நிறுத்தி விட்டார்கள். இரும்பு பாஸ்பேட் கலந்த மருந்து அதை விடக் கெடுதல் குறைந்தது. கிடைத்தாலும் அதையும் குழந்தையின் கைக்கு எட்டாமல்தான் வைக்க வேண்டும்.

8. எந்த மருந்தையாவது குழந்தை வாயில் போட்டு விட்டால், வாயில் இருப்பதை எடுத்துத் துடைத்து விடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாக்கெட்டைக் கையோடு எடுத்துக் கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108க்குப் போன் செய்யுங்கள். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம்.

மறுபடியும் மொட்டு

ஊருக்குத் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஆறு தொட்டிகளையும் பிரித்தோம். வண்டியில் வாங்கிய நான்கு தொட்டிகளின் மட்டைக்குள்தான் நத்தை முட்டைகள் குவியலாக இருந்தன. நான் காசு கொடுத்து வாங்கி வந்த நத்தைகள்! செடி விற்றவரைக் குறை சொல்லிப் பயன் என்ன? பார்த்து வாங்க வேண்டியது நான்தானே?

என் கணவர் தாழ்வாரத்து உத்தரத்தில் கம்பி கட்டி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தொட்டிகளைத் தொங்க விட்டார். மூன்று வாரம் இரவு 9 மணியானால் அவரே டார்ச் லைட்டை எடுத்துக் கொண்டு போய் விடுவார். "இன்னிக்கு 4 தான்" என்பார். பிறகு "2" என்பார். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரு தடவை கூடப் பேசவில்லை. ஆனால் இப்போது கடையில் எதை வாங்கினாலும், முதுகுப் பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக் கொண்டு படித்து விட்டுத்தான் பையில் போடுகிறார்.

தை மாதத்தில் டென்ட்ரோபியம் மறுபடியும் மொட்டு விட்டது. இந்தத் தடவை விரிந்தது. நத்தை அடியோடு ஒழிந்து விட்டதா என்று கேட்டால், இல்லை. மழை பெய்தால் ஒன்றிரண்டு தலை காட்டத்தான் செய்கிறது. ஒன்றிரண்டுதானே? வெள்ளரி வில்லைக்கும் எங்கள் வீட்டு டார்ச் லைட்டுக்கும் அது போதாதா என்ன?

பூத்த தொட்டியைப் போட்டோ எடுத்துச் சித்திக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "பூ நல்லா இருக்கு. குட்டியைத் தூக்கிப் பக்கத்துல காட்டி இன்னொண்ணு எடுத்து அனுப்பு. எனக்கு அதைத்தான் பாக்கணும்" என்றாள்.

எடுத்து அனுப்பினேன். இரண்டும் சிரித்துக் கொண்டிருந்தன.